கார்த்திகை விளக்கீடு: வழக்கும் பொருளும்

சைவ மக்கள் ஆண்டுதோறும் கொண்டாடிவரும் விழாக்களுள் விளக்கொளியைத் தலைமையாகக் கொண்டவை இரண்டு. ஒன்று தீபாவளி, மற்றொன்று திருக்கார்த்திகை விளக்கீடு. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஒரு வேறுபாடு எளிதிற் புலனாகும். தீபாவளி தேய்பிறையின் முடிவில், வானத்தில் நிலவு காணப்படாத காலத்தில் வருவது. இருள் செறிந்த பொழுதில் விளக்கேற்றுதல் இயல்பேயாம். விளக்கீடோ நிறைமதி நாளையொட்டி வருவது. மாலையில் எழுந்த மதி விடியுமளவும் வானில் நின்று நிலத்தையெல்லாம் வெண்மையாக்கும் இரவு அது. ஆண்டின் ஒளிமிக்க இரவுகளுள் ஒன்றில் மக்கள் அகலும் பந்தமும் ஏற்றி மனையையும் கோயிலையும் சூழ வைப்பது எதன் பொருட்டு? கண்ணுக்கு வழிகாட்டுதற்கு அவ்விளக்கு வேண்டுவதன்று. ஆகவே அதன் பயன் பிறிதொன்றாதல் வேண்டும். அப்பயன் யாதென ஆராய்வார்க்கு இவ்விழாவின் வழக்கங்களே விடை கூறுகின்றன.

கதிரவன் விருச்சிக இராசியில் நிற்கும் திங்கள் கார்த்திகை எனப்படும். அவ்விராசிக்கு நேரெதிரே அமைந்தது இடபம். நிறைமதி எப்பொழுதும் கதிரவனுக்கு எதிர்ப்புறத்தே நிற்பதாதலின், இத்திங்களின் நிறைமதி இடபத்தையும் அதன் அருகே விளங்கும் கார்த்திகை மீன்கூட்டத்தையும் அணுகி நிற்கும். வெறுங்கண்ணுக்கு ஆறு மீன்களாகத் தோன்றும் இக்கூட்டத்தைப் பண்டைத் தமிழர் அறுமீன் என்றும் ஆரல் என்றும் வழங்கினர். இவ்வறுமீனையே சரவணப் பொய்கையில் முருகப் பெருமானுக்குப் பாலூட்டி வளர்த்த கார்த்திகை மகளிர் அறுவராகப் புராணங்கள் போற்றும். எனவே வானத்து நிகழ்ச்சி ஒன்றும், முருக வழிபாடு ஒன்றும், சோதிவடிவாகிய சிவபெருமானின் வழிபாடு ஒன்றும் ஒரே நாளில் வந்து கூடுகின்றன.

நட்சத்திரமும் திதியும் எல்லா ஆண்டுகளிலும் ஒரே பொழுதிற் பொருந்துவதில்லை. அதனால் விளக்கீடு ஒன்றன்பின் ஒன்றாக வரும் நாள்களில் நிகழ்தலும் உண்டு. கார்த்திகை நட்சத்திரத்தைக் கொண்டு முருகன் கோயில்களில் ஏற்றப்படுவது குமாராலய தீபம். பூரணையைக் கொண்டு எல்லாக் கோயில்களுக்கும் மனைகளுக்கும் பொதுவாக ஏற்றப்படுவது சர்வாலய தீபம். திருமால் கோயில்களில் ஏற்றப்படுவது விஷ்ணுவாலய தீபம். ஒரு சமயப் பிரிவினர்க்கே உரியதன்று இவ்விளக்கு என்பதை இப்பெயர்களே காட்டும்.

இவ்விழாவின் தொன்மைக்குச் சங்க நூல்களே சான்றாகும். அகநானூற்றின் 141ஆம் பாடலில் நக்கீரர் இதனைத் தெளிவாக வருணித்துள்ளார். மழை நீங்கித் தெளிந்த வானத்தில் மதி நிறைந்து அறுமீனைச் சேரும் நள்ளிரவில், உழுதொழில் ஓய்ந்து கலப்பைகள் உறங்கிக்கிடக்க, மக்கள் தெருக்களில் விளக்கேற்றி மாலைகளைத் தூக்கிப் பழம்பெருமை வாய்ந்த ஊரிற் பலரும் கூடிக் கொண்டாடும் விழா என்பது அப்பாடலின் கருத்து. பிரிந்து சென்ற தலைவன் அவ்விழாவினைத் தம்முடன் கொண்டாட வந்துசேர்வான் என்பது தலைவியின் எதிர்பார்ப்பு. குடும்பம் ஒன்றுகூடும் நாளாகவே விளக்கீடு அன்றும் கருதப்பட்டது என்பது இதனாற் பெறப்படும்.

நற்றிணையின் 202ஆம் பாடலில் பாலை பாடிய பெருங்கடுங்கோ, பூத்து விளங்கும் காட்டின் அழகுக்கு இவ்விழாவின் விளக்கு வரிசையை உவமை கூறுகின்றார். அவர் இத்திங்களை அறஞ்செய்தற்குரிய திங்கள் எனக் குறித்திருத்தல் ஊன்றி நோக்கற்பாலது. விளக்கேற்றுதலும் அறஞ்செய்தலும் ஒரு திங்களின் இருகடமைகளாக அக்காலத்தே கருதப்பட்டன. பின்னெழுந்த கார்நாற்பது, மலர்ந்த தோன்றிப் பூக்களைக் கார்த்திகை நாளில் நாட்டவர் இட்ட விளக்குகளுக்கு ஒப்பிடும். தோன்றி என்பது செங்காந்தளைக் குறிக்கும் பெயர் என நிகண்டுகள் கூறும். அச்செங்காந்தளை யாழ்ப்பாணத்தார் கார்த்திகைப்பூ என்று இன்றும் வழங்குதல் இவ்வுவமையோடு வைத்து மகிழ்தற்குரியது. களவழி நாற்பது என்னும் போர்நூலும் கார்த்திகை விளக்கை உவமையாக எடுத்தாண்டுள்ளது. சமண முனிவராகிய திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியில், குன்றின்மேல் இட்ட கார்த்திகை விளக்கு உவமையாக வருகின்றது. போர்க்களத்தைப் பாடினாரும், பூவைப் பாடினாரும், சமண் சமயத்தைச் சார்ந்தாரும் ஒருங்கே உவமையாக எடுத்தாளுமளவுக்கு இவ்விழா நாட்டு மக்கள் அனைவர்க்கும் பொதுவாக விளங்கிற்று.

சைவத் திருமுறைகளில் இவ்விழாவுக்குரிய தலைசிறந்த சான்று, திருஞானசம்பந்தர் திருமயிலாப்பூரிற் பாடிய பூம்பாவைத் திருப்பதிகமாகும். சிவநேசர் என்னும் வணிகரின் மகளாகிய பூம்பாவை அரவு தீண்டி இறந்தாள். அவளுடைய எலும்பும் சாம்பலும் ஒரு குடத்தில் வைத்துப் பேணப்பட்டன. கி.பி. ஏழாம் நூற்றாண்டினராகிய சம்பந்தர் அக்குடத்தை முன்வைத்து, கபாலீச்சரத்து நிகழும் விழாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கூறி, இவற்றைக் காணாமலே செல்லுதல் தகுமோ என்று இறந்த பெண்ணை நோக்கி வினவுகின்றார். ஐப்பசி ஓணம், மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் முதலியவற்றோடு கார்த்திகை விழாவும் அப்பதிகத்தில் இடம்பெற்றுள்ளது. பதிக முடிவில் பூம்பாவை உயிர்பெற்றெழுந்தாள் என்பது வரலாறு.

அடியார் கூட்டத்தோடு கலந்து விழாக் காண்டலே மானிடப் பிறவியின் பயன் என்பது இப்பதிகம் உணர்த்தும் உண்மை. சாவின் முன்னிலையில் சம்பந்தர் எடுத்து நீட்டியது தத்துவ விளக்கமன்று; ஊரார் கூடி ஏற்றும் விளக்கேயாம். மேலும், அவர் கார்த்திகை விழாவுக்கு இட்ட பெயர் விளக்கீடு என்பது. தமிழகத்தில் இந்நாளைக் கார்த்திகைத் தீபம் என்றும் திருக்கார்த்திகை என்றும் கூறுதலே இன்று பெருவழக்கு. யாழ்ப்பாணத்திலோ கற்றாரும் கல்லாதாரும் விளக்கீடு என்றே வழங்குவர். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகட்கு முன் சம்பந்தர் திருவாயில் வந்த சொல், கடல் கடந்த இத்தீபகற்பத்தில் வீட்டு வழக்காக நிலைபெற்றுள்ளமை யாழ்ப்பாணத்தார் போற்றிக் காக்கவேண்டிய ஒரு செல்வமாகும்.

இனி, யாழ்ப்பாணத்து மனைகளில் விளக்கீடு நிகழும் முறையை நோக்குவோம். விளக்கீட்டுக்கு முன்னரே வீடும் வளவும் கூட்டித் துப்புரவு செய்யப்படும். படலையின் முன்னே வாழைக்குற்றி ஒன்று நாட்டப்பெறும். அதன் தலையில் தேங்காய்ப் பாதியை அல்லது சிட்டியை வைத்து எண்ணெய் வார்த்துத் திரியிடுவர். சிறு தடிகளின் நுனியில் வெள்ளைத் துணியைச் சுற்றி எண்ணெயில் தோய்த்துப் பந்தங்கள் செய்துகொள்வர். பொழுது சாய்ந்ததும் முதலில் சாமியறையில் விளக்கேற்றிக் கொழுக்கட்டை, மோதகம் முதலியவற்றைப் படைத்து வழிபடுவர். அவ்விளக்கிலிருந்து பெற்ற தீயினாலே படலை விளக்கும், முற்றத்து விளக்கும், ஏனைய பந்தங்களும் ஏற்றப்படும்.

இப்பந்தங்கள் வைக்கப்படும் இடங்களே சிந்தித்தற்குரியன. திண்ணையும் முற்றமும் விளக்குப் பெறுதல் வியப்பன்று. கிணற்றடியில் ஒரு பந்தம், மாட்டுக்கொட்டிலில் ஒரு பந்தம், விறகு அடுக்கிய கொட்டிலில் ஒன்று, வேலிக்கரையில் ஒன்று, தோட்டத்து மூலையில் ஒன்று, குப்பை கொட்டும் இடத்திலும் ஒன்று. பகலில் யாரும் நின்று பாராத இடங்களும், விருந்தினர் கண்ணிற் படாமல் மறைக்கப்படும் இடங்களும் அன்று ஒளிபெறுகின்றன. நிறைமதியின் ஒளி முற்றத்தில் விழும். கூரையின் கீழும் வேலியின் நிழலிலும் அது புகுவதில்லை. வானத்து விளக்கு எட்டாத இடத்துக்கு மனிதன் தன் கையாலே விளக்கைக் கொண்டுசெல்லும் நாளே விளக்கீடு எனலாம். பந்தம் பிடித்து வளவின் மூலைதோறும் ஓடும் சிறுவர்க்கு இக்கருத்தை எவரும் எடுத்துரைப்பதில்லை. எனினும் அவர் கால்கள் அதனை நன்கு அறிந்துள்ளன.

இவ்வழக்கங்களில் யாழ்ப்பாணத்துப் பருவநிலையின் சாயலும் உண்டு. நக்கீரர் பாடிய கார்த்திகை வானம் மழை நீங்கித் தெளிந்தது. யாழ்ப்பாணத்திலோ வடகீழ்ப் பருவக்காற்று மழை மிகுந்து பெய்யும் காலத்தினுள்ளேயே இந்நாள் வருகின்றது. வயலில் நெற்பயிர் பசுமையாய் நிற்க, நிலம் ஈரம் ஊறிக் கிடக்க, மழை விட்டுக்கொடுக்கும் சிறு இடைவேளையிலே விளக்கேற்ற வேண்டிய ஆண்டுகள் பல. சிறுகாற்றுக்கும் அவியும் அகலோடு, காற்றைத் தாங்கி எரியவல்ல எண்ணெய்ப் பந்தமும் இங்கு வழக்கிலிருத்தல் இப்பருவத்துக்கு மிகப் பொருத்தமானதே.

கோயில்களில் நிகழும் சிறப்பான நிகழ்ச்சி சொக்கப்பனை கொளுத்துதலாகும். கோயிலின் முன்றிலில் மரமொன்றை நட்டு, அதனைச் சூழக் காய்ந்த பனையோலைகளைக் கட்டிக் கோபுரம்போல் உயர்த்துவர். மாலைப் பூசையின் பின் சுவாமி எழுந்தருளி அதன் முன்னே வந்து நிற்க, தீபாராதனை நிகழும். பின்னர் அர்ச்சகர் கோயிலுள் ஏற்றிய தீயைக் கொண்டு அதனைக் கொளுத்துவர். காய்ந்த ஓலை கணப்பொழுதிற் பற்றி வானளாவ எரியும். சுற்றி நின்றார் அனைவர் முகமும் ஒரே செந்நிறம் பெறும். எரிந்தெஞ்சிய கரியையும் சாம்பலையும் மக்கள் பேணி எடுத்துச் செல்வர். சொக்கப்பனை என்னும் பெயரைச் சொர்க்கப்பனை என்றும், சொக்கனாகிய சிவபெருமானுக்குரிய பனை என்றும் பலவாறு விளக்குவர். பெயரின் பிறப்பு எதுவாயினும், கற்பகதரு எனப் போற்றப்படும் பனையைத் தம் வாழ்வின் துணையாகக் கொண்ட யாழ்ப்பாணத்தார்க்கு இது தம் மண்ணின் விழாவாகவே தோன்றுதல் இயல்பு. கூரைக்கும் வேலிக்கும் பயன்படும் அதே ஓலை, அன்று இறைவனின் அனல்வடிவாகி நிற்கின்றது.

சொக்கப்பனையின் கருத்து அடிமுடி தேடிய வரலாற்றைத் தழுவியது. யாமே பெரியேம் என்று பிரமனும் திருமாலும் தம்முள் மாறுபட்டபோது, அவர்களிடையே அளவிடற்கரிய அனற்பிழம்பு ஒன்று எழுந்தது. திருமால் பன்றியாகி நிலத்தை அகழ்ந்து அடியையும், பிரமன் அன்னமாகி விண்ணிற் பறந்து முடியையும் தேடிக் காணாராயினர். திருஞானசம்பந்தர் தம் பதிகங்கள்தோறும் பெரும்பாலும் ஒன்பதாம் பாடலில் இவ்வரலாற்றை அமைத்துப் பாடியமை, சைவ நெறிக்கு இஃது எத்துணை இன்றியமையாதது என்பதைக் காட்டும். அகங்காரத்தினாலே தேடுவார்க்கு இறைவன் அகப்படான் என்பதே இதன் உட்பொருள். இவ்வனற்பிழம்பே குளிர்ந்து மலையாயிற்று எனப் போற்றப்படும் திருவண்ணாமலையில், விடியற்காலையிற் பரணி தீபம் ஏற்றப்படும். மாலையில் அர்த்தநாரீசுவரர் சிறிது பொழுதே வெளிவந்து காட்சி நல்க, அப்பொழுது 2668 அடி உயரமுள்ள மலையுச்சியிற் பெரிய கொப்பரையில் நெய்யூற்றி மகாதீபம் ஏற்றுவர். சுற்றுப்புறத்து ஊர்களில் உள்ளார் அம்மலைவிளக்கைக் கண்ட பின்னரே தம் வீட்டு விளக்குகளை ஏற்றுவர். மலைக்கொரு விளக்கு, மனைக்கொரு விளக்கு என இரண்டும் ஒன்றையொன்று தழுவி நிற்கும் விழா இதுவாகும்.

விளக்கீட்டுக்கு உலகியல் முறையிற் காரணம் கூறுவாரும் உளர். மழைக்காலத்திற் பெருகும் பூச்சிகள் விளக்கொளியால் ஈர்க்கப்பட்டு மடியும். அதனாற் பயிர் பிழைக்கும் என்பது அவர் கூற்று. பூச்சிகள் ஒளியை நாடிவரும் என்பது உண்மையே. எனினும் ஆண்டில் ஓரிரு மாலைகளில், சில நாழிகை எரியும் விளக்குகளாற் பயிர் காக்கப்படும் என்று கொள்ளுதல் அரிது. அதனினும் மேலாக, இவ்விழாவின் உள்ளம் அதற்கு முற்றிலும் மாறானது. கார்த்திகைத் தீபத்தைக் காணும்போது சொல்லப்படும் வடமொழிச் சுலோகம் ஒன்றுண்டு. புழுக்களும், பறப்பனவும், கொசுக்களும், மரங்களும், நீரிலும் நிலத்திலும் வாழும் உயிர்களும் இவ்விளக்கைக் கண்ட அளவிலே பிறவியினின்று நீங்குக என்பது அதன் கருத்து. அவ்வுயிர் வரிசையில் இறுதியாக வைக்கப்பட்டோர், புலையரென ஒதுக்கப்பட்டோரும் அந்தணருமாவர். இருவரும் ஒரே அடியில் ஒருசேரக் குறிக்கப்படுகின்றனர். பூச்சியைக் கொல்லுதற்கு ஏற்றிய விளக்காயின், பூச்சியின் வீடுபேற்றை வேண்டும் சுலோகம் அதற்கு எவ்வாறு பொருந்தும்? தகுதி நோக்காது எவ்வுயிர்மேலும் படர்தலே விளக்கின் இயல்பு. அவ்வியல்பையே இச்சுலோகம் வழிபாடாக்கியுள்ளது.

இதே கருத்தைத் திருமுறையிலும் காணலாம். யாழ்ப்பாணக் கடலுக்கு அப்பாற் கரையில் உள்ள திருமறைக்காட்டில், அவியும் நிலையிலிருந்த திருவிளக்கை எலி ஒன்று தன் மூக்குச் சுட்டதனாலே தற்செயலாகத் தூண்டிற்று. அவ்வெலி மறுபிறப்பில் உலகாளும் மாவலி மன்னனாயிற்று என்பதைத் திருநாவுக்கரசர் திருக்குறுக்கைப் பதிகத்திற் பாடியுள்ளார். அறியாது செய்த விளக்குத் தொண்டுக்கே அத்துணைப் பயன் எனில், அறிந்து செய்வார் பெறும் பேறு அளவிடற்கரிது. இன்ன பிறப்பினரே விளக்கேற்றத் தக்கார் என்னும் வரையறைக்கு அவ்வரலாற்றில் இடமில்லை.

சேக்கிழார் பெரியபுராணத்தில் விளக்குத் தொண்டினாற் சிறந்த நாயன்மார் சிலரைக் காண்கின்றோம். கணம்புல்ல நாயனார் செல்வம் இழந்த பின் கணம்புல்லை அரிந்து விற்று நெய் வாங்கி விளக்கெரித்தார். புல் விலைபோகாத நாளில் அப்புல்லையே எரித்தார். அதுவும் போதாதாக, தம் தலைமயிரையே திரியாக்கினார். திருவொற்றியூரில் எண்ணெய் வாணிகர் குலத்தில் தோன்றிய கலிய நாயனார், பொருளெல்லாம் ஒழிந்த பின் கூலிக்குச் செக்காட்டி விளக்கேற்றினார். அதற்கும் வழியற்ற நாளில் எண்ணெய்க்கு ஈடாகத் தம் குருதியையே வார்க்கத் துணிந்தார். இவர்கள் மந்திரம் கற்றுப் பூசை செய்தவரல்லர். புல் விற்றவரும் செக்காட்டியவருமாவர். விளக்கு ஏழையின் கைக்கும் எட்டும் வழிபாடு என்பதற்கு இவர் வாழ்வே சான்று.

இவரினும் இங்கு விரிவாக எண்ணத்தக்கவர் நமிநந்தியடிகள். ஏமப்பேறூரில் அந்தணர் குலத்தில் தோன்றிய அவர், திருவாரூர் அரநெறியில் விளக்கேற்ற விரும்பி அயல்மனையில் நெய் வேண்டினார். அம்மனையிலிருந்த சமணர், கையிலே கனலையுடைய உங்கள் கடவுளுக்கு விளக்கு எதற்கு என்றும், வேண்டுமாயின் நீரை வார்த்து எரிக்கலாம் என்றும் எள்ளினர். அடிகள் இறைவன் அருளாணையின்படி குளத்து நீரை முகந்து வார்க்க, விளக்கு நெய்யால் எரிவதுபோல் எரிந்தது. இவ்வற்புதத்தைப் பலரும் அறிவர். அடிகள் வரலாற்றில் இதனை அடுத்துச் சேக்கிழார் கூறும் நிகழ்ச்சியைப் பலர் நினைப்பதில்லை. திருவாரூர்ப் பெருமான் மணலி என்னும் ஊருக்கு எழுந்தருளியபோது, எல்லாக் குலத்தாரும் உடன் திரண்டு சென்றனர். அடிகளும் அவருடன் சென்று மீண்டார். மீண்டவர் மனையினுட் புகாது புறத்தே கிடந்தார். பல குலத்தாரோடும் கலந்ததனால் தூய்மை இழந்தோம். நீராடிய பின்னரே பூசை செய்தல் வேண்டும் என்பது அவர் எண்ணம். உறக்கம் வந்துற, இறைவன் கனவில் தோன்றித் திருவாரூரிற் பிறந்தார் எல்லாரும் தம் கணங்களே என்று அருளி, அதனைக் காணுமாறு பணித்தார். விழித்தெழுந்த அடிகள் தம் பிழையை உணர்ந்து வருந்தினார். மறுநாள் திருவாரூரை அடைந்தபோது அங்குள்ளார் யாவரும் சிவகணங்களாகவே தோன்றக் கண்டு நிலத்தில் வீழ்ந்து வணங்கினார்.

இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒருவர் வரலாற்றில் அடுத்தடுத்து அமைந்தமை ஆழ்ந்து நோக்கற்பாலது. நீரால் விளக்கெரித்த பெரியார்க்கும் உள்ளத்தின் ஒரு மூலையில் விளக்கில்லாத இடம் ஒன்று இருந்தது. கோயில் விளக்கு ஏற்றப்பட்டதனோடு தொண்டு நிறைவெய்தவில்லை. அம்மூலையிலும் ஒளி புகுந்த பின்னரே அது நிறைவெய்திற்று. குப்பை கொட்டும் இடத்திலும் பந்தம் நாட்டும் மனைவழக்கமும் நமிநந்தியடிகள் கண்ட காட்சியும் உணர்த்துவது ஒன்றேயாம்.

சைவசித்தாந்தம் இவ்வுண்மையைத் தத்துவ நெறியில் நிலைநாட்டுகின்றது. திருநாவுக்கரசர் உடம்பை மனையாகவும், உள்ளத்தைத் தகளியாகவும், உணர்வை நெய்யாகவும், உயிரைத் திரியாகவும், ஞானத்தைத் தீயாகவும் உருவகித்து, அவ்விளக்கில் இறைவனைக் காணலாம் என்று பாடினார். திருக்கோவலூரிற் கூடிய முதலாழ்வார்களும் உலகையும் அன்பையும் தகளியாக்கி விளக்கேற்றிய வரலாற்றை வைணவர் போற்றுவர். உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில் ஆணவ மலத்தை இருளோடு ஒப்பிட்டு, அது புற இருளினும் கொடியது என்று நிறுவினார். புற இருள் பிற பொருள்களை மறைக்குமாயினும், தான் இருளென்பதை மறைப்பதில்லை. இருட்டறையில் நிற்பவன் தான் இருட்டில் நிற்பதை அறிவான். ஆணவமோ பிற பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைத்துக்கொள்ளும். அதன் வயப்பட்டவன் தான் இருளில் நிற்பதையே அறியான். இருள் இருக்குமிடம் தெரிந்தால் விளக்கை அங்குக் கொண்டுசெல்லலாம். தெரியாத இருளுக்கு விளக்கேற்றுதல் எவ்வாறு? எல்லா மூலைகளுக்கும் விளக்கைக் கொண்டுசெல்லுதல் ஒன்றே அதற்கு வழி. விளக்கீட்டு மாலையில் இவ்விடம் வேண்டும், இவ்விடம் வேண்டா என ஆராயாது வளவு முழுவதும் பந்தம் வைத்த முன்னோர் இவ்வறிவையே வழக்கமாக்கி வைத்தனர்.

இவ்வளவும் அறிந்த சமுதாயம் தன் வாழ்வில் அதனை எவ்வளவு கடைப்பிடித்தது என்னும் வினாவும் எழாமற் போகாது. யாழ்ப்பாணத்துக் கோயில்கள் பலவற்றின் கதவுகள், சாதி காரணமாக ஒரு சாரார்க்கு நெடுங்காலம் அடைக்கப்பட்டிருந்தன. வீதியில் சொக்கப்பனை எரியும்போது அதன் செவ்வொளி எல்லார் முகத்திலும் ஒருபடித்தாகவே விழுந்தது; ஆயினும் அத்தீ ஏற்றப்பட்ட உள்மண்டபத்துக்குள் எல்லாராலும் செல்ல இயலவில்லை. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதியின் பெயரால் ஒருவர்மேற் குறைபாடு சுமத்துதலைக் குற்றமாக்கிற்று. அதன் பின்னரும் 1968ஆம் ஆண்டில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில், உட்சென்று வழிபடும் உரிமைக்காக மக்கள் சத்தியாக்கிரகம் இருக்க நேர்ந்தது. கந்தபுராணத்தைப் படித்துப் பயன்சொல்லி வளர்ந்த நாட்டில், கந்தன் கோயில் வாயிலிலேயே இது நிகழ்ந்தது. புராணம் படித்தோர் அதன் ஒளி தம் உள்ளத்தின் எம்மூலைக்கு எட்டவில்லை என்பதை அறியாதிருந்தமையே இதற்குக் காரணமாகும். தன்னை மறைத்துக்கொள்ளும் இருள் என்று உமாபதி சிவம் கூறியதற்கு இதனினும் பொருந்திய எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

பின்னர் வந்த போர்க்காலம் யாவர் மனையையும் ஒருங்கே இருளாக்கிற்று. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தனர். அவ்வாண்டு விளக்கீட்டு மாலையில் அப்பகுதியின் எண்ணற்ற மனைகள் விளக்கேற்றுவாரின்றிக் கிடந்தன. தென்மராட்சியிலும் வன்னியிலும் பாடசாலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் பல குலத்தாரும் ஒரு கூரையின் கீழ்த் தங்கினர். விளக்கேற்ற ஆளுள்ள மனை என்பது எத்துணைப் பெரிய பேறு என்பதை யாழ்ப்பாணத்தார் அன்று உணர்ந்தனர். படலையும் இழந்து, வளவும் இழந்து நின்றார்க்கு, உயர்ந்தோர் மனை விளக்கு, தாழ்ந்தோர் மனை விளக்கு என்ற வேறுபாடு எங்கே?

இன்று நிறநிறமான மின்குமிழ் வரிசைகள் மனைகளை அழகு செய்கின்றன. வெளிநாடுகளிற் குடியேறியோர் அவ்வந்நாட்டுப் பருவத்துக்கும் வசதிக்கும் ஏற்ப விளக்கேற்றுகின்றனர். கருவியும் இடமும் காலத்துக்கேற்ப மாறுதல் குற்றமன்று. ஆயினும் மின்குமிழை ஓரிடத்தில் நின்று விசையை அழுத்தி ஒளிரச் செய்யலாம். பந்தத்தையோ கையிலேந்தி ஒவ்வோர் இடத்துக்கும் நடந்தே செல்லவேண்டும். அந்நடையே விளக்கீட்டின் உயிர். அலங்காரம் முகப்பைத் தேடும். விளக்கீடு மூலையைத் தேடும். ஆதலால் மனையில் எத்துணை மின்னொளி நிறைந்திருப்பினும், பிள்ளைகள் கையிற் சிறு பந்தங்களைக் கொடுத்து வளவின் கோடிவரை அனுப்பும் வழக்கத்தைப் பெற்றோர் கைவிடாதிருத்தல் வேண்டும்.

நிறைமதி இரவில் விளக்கு எதற்கு என்பதே முதற்கண் எழுந்த வினா. வானம் தரும் ஒளி வேண்டிய மட்டும் உண்டு; அவ்வொளி புகாதவாறு கூரையும் வேலியும் கதவும் அமைத்தவன் மனிதன். தான் அமைத்த மறைப்பினுள்ளே தானே விளக்கைக் கொண்டுசெல்லுதல் அவன் கடன். அறுமீனோடு மதி சேரும் மாலைதோறும் தமிழர் இரண்டாயிரம் ஆண்டுகளாக அக்கடனைச் செய்துவருகின்றனர். கொட்டிலுக்கும் குப்பைமேட்டுக்கும் சென்ற அவ்விளக்கு, மனிதர்க்கிடையே எழுப்பிய வேலிகளைக் கடந்தும் செல்லுமாயின், நமிநந்தியடிகள் திருவாரூரிற் கண்ட காட்சி யாழ்ப்பாணத்து வீதிகளிலும் காணத்தக்கதேயாம்.